வெயிலில் வெந்த வில்: ஒட்டுவதா, மாற்றுவதா?

போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் வில்வித்தை கிளப் மைதானத்தில் நாணை முக்கால்வாசி இழுத்திருந்தேன். கீழேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வேர்க்கடலை ஓட்டை நசுக்கினால் வருமே, அந்த அளவு சத்தம்தான். அம்பை விடவில்லை. நாணை மெல்ல முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அம்பைக் கழற்றிவிட்டு, வில்லைப் புல்லில் படுக்க வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வில்லை நான் கையால் இழுக்கவே இல்லை.

அடுத்த ஆறு வாரம் அதை ஒட்டுவதா, ஓய்வு கொடுத்துவிட்டு வேறு வில் வாங்குவதா என்பதிலேயே போனது. பார்த்தது, அளந்தது, செய்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் விரிசல் எவ்வளவு பெரியது, புது வில் என்ன விலை என்ற இரண்டைச் சுற்றியே பேச்சு போகிறது. என் விஷயத்தில் இரண்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. வில்லின் அடுக்குகளைப் பிடிக்கும் பசை எதனால் விட்டுப்போனது என்பதுதான் தீர்மானித்தது.

வில்லைப் பற்றி

நான் இருப்பது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், டெட்ராய்டுக்குப் பக்கத்துப் புறநகர். என் வில், 'பேர் ஆர்ச்சரி' (Bear Archery) என்ற கம்பெனியின் 'க்ரிஸ்லி'. 58 அங்குல நீளம், 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு என்று அடியில் கையெழுத்தில் எழுதியிருக்கும். கைப்பிடிக்கு மேலே கரடி உருவம் பதித்த பித்தளைக் காசு ஒன்று. அந்தக் கம்பெனி 1963 முதல் 1970 வரைதான் பித்தளைக் காசு பதித்தது. அப்படிப் பார்த்தால் வில்லுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

இந்த ஊரில் இந்த வில்லுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஃப்ரெட் பேர், டெட்ராய்டின் கார் தொழிலில் மர அச்சு செய்பவராக வேலை பார்த்தவர். 1933இல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, 1947இல் வடக்கே கிரேலிங் என்ற சின்ன ஊருக்குத் தொழிற்சாலையைக் கொண்டுபோனார். 1978இல் அது ஃபுளோரிடாவுக்குப் போகும்வரை அங்கேதான் ஓடியது. என் வில்லும் கிரேலிங்கில் பிறந்ததுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர், அவரும் கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர், இளவயதில் வாங்கியது. தோள்பட்டை ஒத்துழைக்காமல் போனதும் 2019இல் என்னிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "சுவரில் மாட்டாதே, எய்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்தான் பிறகு என்னை ரொம்பப் படுத்தியது.

அதன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். நடுவில் கையில் பிடிக்கும் தடித்த மரக்கட்டையை ரைசர் என்கிறோம். அதிலிருந்து மேலும் கீழும் வளைகிற தகடுகள் லிம்ப். ஒவ்வொரு லிம்பும் ஒரே மரம் இல்லை. நடுவில் மெல்லியதாகச் சீவிய மேப்பிள் மரத் துண்டுகள், இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் தகடு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது பசை. வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கிற பக்கத்துத் தகடு நீட்டப்படுகிறது, நம்மைப் பார்க்கிற பக்கத்துத் தகடு நசுக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் மரம் அந்த இரண்டையும் தள்ளி வைத்திருக்கிறது. கட்டடத்தில் போடும் ஐ-பீம் இரும்பு வேலை செய்வதும் இப்படித்தான். மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் பசை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பசை விட்டால் என்ன ஆகும் என்று என் மகளுக்குக் காட்ட இரண்டு பிளாஸ்டிக் அடிஸ்கேலை எடுத்தேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்து வளைத்தால் லேசாக வளையும், முனைகள் ஒன்றையொன்று தாண்டி நகரும். அதே இரண்டையும் முழுக்க ஒட்டிவிட்டு வளைத்தால் நாலு மடங்கு பலம் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டாலும் சரியாக அதுதான் வரும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி கூடுகிறது. பாதித் தடிமனில் பசை பிடிப்பை விட்ட இடத்தில், வில் தன் விறைப்பில் முக்கால்வாசியை இழந்துவிடுகிறது.

முன்பு இரண்டு முறை

ஓட்டை வில் எல்லாம் ஓய்வுக்குத்தான் என்று நான் நினைப்பதில்லை. இதே வில்லை இரண்டு முறை பழுதோடு பார்த்து, இரண்டு முறையும் வைத்துக்கொண்டேன்.

கைக்கு வந்த அன்றே கண்ணாடி இழைத் தகட்டில் நீளவாக்கில் மயிரிழை போல நிறையக் கோடுகள் இருந்தன. பழைய வில்களில் இது சகஜம். இழைகளும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, கோடு அவற்றின் நடுவே விழுகிறது, இழை அறுபடவில்லை. விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் மாட்டவில்லை. பஞ்சை ஒத்தி எடுத்தேன், ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. விட்டுவிட்டேன். இதுவே லிம்பின் குறுக்கே ஒரு கோடு இருந்திருந்தால் அன்றைக்கே ஆட்டம் முடிந்திருக்கும். குறுக்குக் கோடு என்றால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, மேல் லிம்ப் முறுக்கியிருந்தது. நாணேற்றினால் நாண் முனையின் பள்ளத்தில் நடுவாக உட்காராமல் இடப்பக்கம் ஒதுங்கியது. வருடக்கணக்காக நிலவறை மூலையில் சாய்த்து வைத்திருந்ததும், காலுக்குள் விட்டு வளைத்து நாணேற்றிய பழக்கமும்தான் காரணம். இது சரிசெய்யக்கூடிய பழுது. நாணேற்றிய நிலையில், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, எதிர்ப்பக்கம் முறுக்கி ஒரு நிமிடம் பிடிப்பேன். தினம் ஐந்தாறு தடவை. இரண்டு வாரத்தில் நாண் நடுவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நாணேற்றுவதற்கென்றே இருக்கும் கயிற்றைத் தவிர வேறு எப்படியும் நாணேற்றியதில்லை. முறுக்கம் திரும்ப வரவும் இல்லை. நாணும் கொஞ்சம் இழுபடும் டேக்ரான் நூலில்தான் போட்டேன். இழுபடாத புதுவகை நாண்களுக்குத் தாங்கும்படி அந்தக் காலத்து வில்முனைகளைச் செய்யவில்லை. அவை முனையையே அறுத்துவிடும்.

அப்போதே வில்லின் அளவுகளையும் குறித்து வைத்தேன். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம், அதாவது பிரேஸ் ஹைட், எட்டேகால் அங்குலம். ரைசரை விட்டு லிம்ப் புறப்படும் இடத்திலிருந்து நாண்வரை மேலேயும் கீழேயும் அளந்தால் மேல்பக்கம் 5 மில்லிமீட்டர் அதிகம். இந்த வித்தியாசத்தை டில்லர் என்கிறோம். 20 அங்குலம் இழுத்தால் 26 பவுண்டு, 28 அங்குலத்துக்கு 44. இழுவையை அளந்தது, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில். தமிழர் வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? வில்லுக்கும் நன்றாகவே பயன்படுகிறது.

சனிக்கிழமை நடந்தது

சத்தம் கேட்டது ஞாயிறு. பழுது நடந்தது அதற்கு முந்தின நாள். சனிக்கிழமை காலை கிளப்பில் எய்துவிட்டு, நேராக ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் நாணை இறக்காமல் வில்லைக் காரின் பின்சீட்டில் போட்டேன். வெளியே 32 டிகிரி. கண்ணாடிகளை ஏற்றி விட்டிருந்தேன். சாப்பிட்டு, பேசி, கிளம்ப நாலு மணி நேரம் ஆகிவிட்டது. வீட்டில் வந்து வில்லைத் தூக்கியபோது அது சூடாகத்தான் இருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெப்பம் தனியாக இருந்தால் ஒரு மாதிரி, வளைந்து நிற்கும் வில்லில் வெப்பம் ஏறினால் வேறு மாதிரி. நாணேற்றிய வில்லில் பசை ஓய்வாக இல்லை, தொடர்ந்து இழுவையில் இருக்கிறது. எபாக்சி வகைப் பசை ஒரு அளவுக்கு மேல் சூடானால் கண்ணாடி மாதிரி இருந்தது ரப்பர் மாதிரி ஆகிவிடும். அறை வெப்பத்தில் இறுகியவை பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடுப்பில் சூடாக்கி இறுக்கியவை இன்னும் கொஞ்சம் தாங்கும். எப்படியானாலும் நாலு மணி நேரம் நிதானமாக நழுவுவதற்குப் போதுமான நேரம்.

இரண்டு வாரம் கழித்து, அதே மாதிரி ஒரு வெயில் நாளில், சமையலறை வெப்பமானியைப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் 52 டிகிரி. அது காற்றின் சூடு. நேர் வெயில் விழும் கருநிறத் தகடு அதைவிடச் சூடேறும்.

பூதக்கண்ணாடியில் தெரிந்தது

அன்று மைதானத்தில், நாணை இறக்குவதற்கு முன்பே டில்லரை அளந்தேன். இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற மனம் வராது என்று தெரியும். மேல்பக்கம் 5 மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது, இப்போது கீழ்ப்பக்கம் 2 மில்லிமீட்டர் அதிகம். கீழ் லிம்ப் தளர்ந்து, கூட வளைந்திருக்கிறது. சத்தம் கேட்ட பக்கமும் அதுதான்.

வீட்டில் ஆல்கஹால் நனைத்த துணியால் லிம்பின் ஓரங்களைத் துடைத்தேன். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். மேலே இருப்பது சில நொடியில் ஆவியாகிப் போகும், விரிசலுக்குள் போனது மட்டும் ஈரக்கோடாக நிற்கும். கீழ் லிம்ப் ரைசரைத் தொடும் இடத்தில், நம்மைப் பார்க்கிற பக்கத்தில், அந்தக் கோடு தெளிவாக நின்றது. ரைசர் கட்டை அங்கே சரிவாக மெலிந்து போகும், அந்தச் சரிவின் மேல்தான் மேப்பிளும் தகடும் ஏறி ஒட்டியிருக்கும். வளையாத கட்டை முடிந்து வளைகிற தகடு தொடங்கும் இடம். வில்லில் பசைக்கு அதிக வேலை கொடுக்கும் இடங்களில் ஒன்று.

சிகரெட் தாள் மாதிரி மெல்லிய தாளை நுழைத்தேன். 5 சென்டிமீட்டர் உள்ளே போனது. சில்லறைக் காசால் தட்டிக்கொண்டே வந்தால் அந்த 5 சென்டிமீட்டரும் 'டொக்' என்றது, தாண்டினால் 'டிண்' என்றது.

முடிவைத் தீர்மானித்தது அடுத்த பத்து நிமிடம். மெல்லிய பிளேடால் வாயை அரை மில்லிமீட்டர் திறந்து பிடித்து, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மரம் பிளந்திருந்தால் இரண்டு பக்கமும் நார் நாராக, ஒரு பக்கத்து நார் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அப்படி எதுவும் இல்லை. ரைசர் பக்கம் மரம் சுத்தமாக, தொழிற்சாலையில் அதை இழைத்த தேய்ப்புத் தாளின் கீறல்கள்கூட வரிவரியாகத் தெரிந்தன. மறுபக்கத்தில் அந்தக் கீறல்களின் அச்சு அப்படியே பசையில் பதிந்து, அரக்கு முத்திரை மாதிரிப் பளபளவென்று இருந்தது. ஐம்பது வருடம் பிடித்துக்கொண்டிருந்த பசை, ஒரு மரநாரைக்கூடக் கிழிக்காமல் கையை எடுத்துவிட்டது.

மரம் கிழிந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். பசை மரத்தைவிடப் பலமாக இருந்தது, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏதோ அதிக பாரம் விழுந்தது என்று ஆகியிருக்கும். ஓர் இடத்துப் பழுதுக்கு ஓர் இடத்து மருந்து போதும். ஆனால் இங்கே விட்டது பசை. அதே பசைதான் மேல் லிம்பிலும் இருக்கிறது, தகட்டுக்கும் மேப்பிளுக்கும் நடுவில் முனைவரை இருக்கிறது. அதே நாலு மணி நேரம், அதே பின்சீட்டு. கீழே ஓர் இடம் விட்டுப்போனது, வெந்தது முழு வில்லும்.

ஒட்டலாமா?

எங்கள் கிளப்பில் இன்னொரு தமிழர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர், கைவேலையில் கெட்டிக்காரர். பார்த்த உடனே சொன்னார்: "அண்ணா, நல்ல எபாக்சி விட்டு இறுக்கிக் கட்டிடலாம். இதுக்குப் போய் யாராவது வில்ல மாத்துவாங்களா?"

"ஒட்டிடலாம் தம்பி. ஒட்டின இடம் நிக்கும்னு எனக்கும் தெரியும். மத்த இடம்?"

"மத்த இடம்தான் இப்ப நல்லா இருக்கே அண்ணா."

"நேத்துவரைக்கும் இதுவும் நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் கொஞ்ச நேரம் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஒட்டிப் பாப்போம். ஆனா நீங்க இழுக்க வேண்டாம், கப்பி போட்டு இழுப்போம்" என்றார். அவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வு பாதியில் நின்றிருக்கும்.

படங்களை அனுப்பி, வில் செய்கிறவர் ஒருவரிடமும் கேட்டேன். செய்ய மாட்டேன் என்று ஒரே வரியில் பதில் போட்டார். ஒட்டுவது அவருக்குக் கஷ்டமில்லை. அவர் ஒட்டிக் கொடுத்ததை இன்னொருவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து இழுக்கப் போகிறாரே, அதற்கு அவர் பொறுப்பேற்கத் தயாரில்லை. அந்தக் கவலை எனக்குச் சரியாகவே பட்டது. முழுக்க இழுத்த 45 பவுண்டு வில்லில் ஏறக்குறைய 50 ஜூல் சக்தி சேர்ந்து நிற்கிறது. ஒரு கிலோ எடைக்கல் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு சக்தியோடு இடிக்குமோ அது. லிம்ப் உடைந்தால் அந்தச் சக்தி அம்புக்குப் போகாது, கண்ணுக்கு ஒரு முழம் தள்ளித் துண்டுகளாகக் கிளம்பும்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எபாக்சிக்கு இருபது டாலர், கிளாம்பு வீட்டிலேயே இருந்தது. வேறு வில் என்றால் நல்ல ஆரம்ப வகை இருநூறு டாலருக்குள் கிடைக்கும். இந்த வித்தியாசத்துக்காக யாரும் கண்ணைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஒட்டியது

நாணில்லாத வில்லை மேசையில் படுக்க வைத்து, விரிசலுக்குள் ஆல்கஹாலை ஊசியால் விட்டு, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை உள்ளே நுழைத்து அறுப்பது மாதிரி இழுத்து அழுக்கை எடுத்தேன். வழுவழுப்பான பசை மேல் புதுப் பசை பிடிக்காது. அதனால் மெல்லிய தேய்ப்புத் தாளைப் பட்டையாக வெட்டி, உள்ளே விட்டு, இரண்டு முகத்தையும் சொரசொரப்பாக்கினோம். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் அது கை வராத வேலை. இதற்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போனது. பிறகு ஒரு நாள் காய விட்டோம்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி இதற்கு ஆகாது. அது வேகமாக இறுகும், ஆனால் வளையும் இடத்தில் நீண்ட நாள் உழைக்காது. இருபத்துநாலு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வகையை வாங்கி, இரண்டு பாகத்தையும் தராசில் நிறுத்துக் கலந்து, டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கினேன். பசை தண்ணீர் மாதிரி ஆனதும் விரிசல் மேல்பக்கம் இருக்கும்படி வில்லைச் சாய்த்து, வாயைப் பிளேடால் திறந்து பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டோம். நூலால் உள்ளே தள்ளினோம். மறு ஓரத்தில் பசை எட்டிப் பார்த்ததும்தான் உள்ளே முழுக்கப் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதி.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப். இரண்டு விரல் அகலத்தில் நீளப் பட்டையாக வெட்டி, மெழுகுத் தாள் சுற்றி, அதன் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினோம். கிளாம்பு ஓர் இடத்தை நசுக்கும், டியூப் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தும். அதிலும் அளவு வேண்டும். ரொம்ப இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வழிந்து, உள்ளே பட்டினி கிடக்கும். ஓரத்தில் மணி மணியாகப் பசை வந்து நின்றதும் நிறுத்திவிட்டோம். ஒரு நாளில் இறுகிவிடும் என்றாலும், முழு பலத்துக்கு ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன்.

கப்பியில் கட்டிச் சோதித்தது

கார் கராஜின் சுவர்க்கட்டையில் வில்லைக் கைப்பிடியில் உட்கார வைத்தோம். கீழே தரையோரம் ஒரு கப்பி, நாணில் தராசுக் கொக்கி, தராசிலிருந்து கயிறு கப்பி வழியாக வெளியே. இழுக்கிறவர் பதினைந்து அடி தள்ளி, சுவருக்கு மறுபக்கம். கட்டையில் அங்குலத்துக்கு ஒரு கோடு. போன் எதிரே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கண்ணாடிக் கவசம்.

நாணேற்றிய உடனே டில்லர் பார்த்தோம். மேல்பக்கம் 3 மில்லிமீட்டர் அதிகம். பழைய 5 இல்லை, ஆனால் மேல்பக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டது. 20 அங்குலத்தில் இழுவை 25 பவுண்டுக்குச் சற்று மேல். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் உள்ளே ஒரு ஆசை எழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரியவர் வீட்டுக்குப் போய் "சரியாகிவிட்டது" என்று சொல்வது மாதிரி மனத்தில் ஒரு காட்சிகூட ஓடியது.

20 அங்குலத்துக்கு முப்பது இழுவை. நாணை இறக்கி, ஆல்கஹால் துணி, தாள், காசு. ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் 22க்கும் 24க்கும் முப்பது முப்பது. கீழ் லிம்பில் ஒட்டிய இடம் கல் மாதிரி நின்றது. மூன்றாவது சனிக்கிழமை 26 அங்குலம். பதினோராவது இழுவையில் அதே 'டிக்'.

தம்பி கயிற்றை மெதுவாக விட்டார். இரண்டு பேரும் முதலில் கீழ் லிம்பைத்தான் பார்த்தோம். அது அப்படியே இருந்தது. ஆல்கஹால் கோடு நின்றது மேல் லிம்பில். அதே சரிவு, அதே பக்கம். தாள் 3 சென்டிமீட்டர் உள்ளே போனது. பூதக்கண்ணாடியில் அதே பளபளப்பு, அதே தேய்ப்புக் கீறல்களின் அச்சு.

"இதையும் ஒட்டிடலாமா அண்ணா?" என்று அவர் கேட்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, நாணை இறக்குவதற்குக் கயிற்றை எடுத்தார்.

ஏன் மேல் லிம்பை ஒட்டவில்லை

அதையும் ஒட்டலாம், அதுவும் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நம்மால் பார்க்க முடிவது ஓரத்தில் திறக்கிற விரிசலை மட்டும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், லிம்பின் நடுப்பகுதியில், ஓரம் மூடியிருக்க உள்ளே பசை விட்டிருந்தால் தாள் நுழையாது, ஆல்கஹால் காட்டாது. காசு தட்டினால் ஒருவேளை தெரியலாம். அதை நம்பி 28 அங்குலம் இழுத்து நாணைக் கன்னத்தில் வைக்க முடியாது. காரணம் முழு வில்லுக்கும் பொதுவானது என்று பூதக்கண்ணாடி முதல் நாளே சொன்னது. கப்பி அதை இரண்டாவது முறை சொன்னது. மூன்றாவது முறை சொல்வதற்கு என் முகம் வேண்டாம்.

இதே வில் கல்லில் இடித்து ஓரத்தில் தகடு ஒரு செதில் பெயர்ந்திருந்தால், மெல்லிய சூப்பர் குளூ விட்டு, நூல் சுற்றி, அடுத்த வாரமே எய்திருப்பேன். அதே 5 சென்டிமீட்டர் விரிசல், மரம் பிளந்து வந்ததாக இருந்தாலும், ஒட்டி, கப்பியில் நூறு இழுவை பார்த்துவிட்டு, குறைந்த நீளத்துக்கு இழுத்துப் பயன்படுத்தியிருப்பேன். விரிசலின் நீளத்தை மட்டும் கேட்டு யாரும் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். காரில் வைத்தீர்களா, நாண் ஏறியிருந்ததா, உள்ளே பார்த்தால் நாரா பளபளப்பா என்று கேளுங்கள்.

பதிலுக்கு வந்தது

புதிதாக வாங்கியது மூன்றாகக் கழலும் ரீகர்வ், அதாவது முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில். ரைசர் தனி, லிம்ப் இரண்டும் தனி, போல்ட்டால் மாட்டுவது. ஒரு லிம்ப் கெட்டால் லிம்பை மட்டும் மாற்றலாம், இந்த ஆறு வாரத்தில் நான் பட்ட பாடு அதிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும். 58க்குப் பதில் 62 அங்குலம் எடுத்தேன். 28 அங்குலம் இழுக்கிறவனுக்குக் குட்டை வில்லில் கடைசி இரண்டு அங்குலம் திடீரென்று கனக்கும், நீளமான வில்லில் அது சீராக ஏறும். இழுவை 40 பவுண்டு. இலக்குப் பலகையிலும் ஃபோம் மான் பொம்மையிலும் எய்வதற்கு அது தாராளம்.

அழகில் க்ரிஸ்லிக்குப் பக்கத்தில் வராது. கையில் பிடித்தால் அந்தப் பழைய கைப்பிடியின் தேய்மானத்தை விரல்கள் இன்னும் தேடுகின்றன. பரவாயில்லை, பழகிவிடும்.

நாண் இறக்காமல் வில் எந்தக் காரிலும் ஏறுவதில்லை என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். என் மகள் காரில் உட்கார்ந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பெல்ட் போடுகிறாள்.

பெரியவரிடம் சொல்லப் போனபோது இரண்டு லிம்பையும் காட்டினேன், தாளை நுழைத்தும் காட்டினேன். அவரே அதை வாங்கி, மேல் லிம்பில் நுழைத்து, எவ்வளவு ஆழம் போகிறது என்று கட்டைவிரல் நகத்தால் குறித்துப் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தன் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருக்கு மூன்று பேரன்கள், மூத்தவனுக்குப் பதினான்கு வயது. சுவரில் வில்லைப் பார்த்தால் எடுத்து இழுத்துப் பார்க்கத் தோன்றுகிற வயது. அதனால் நாணை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு லிம்பிலும், நம்மைப் பார்க்கிற பக்கத்தில், அழியாத மையால் ஆங்கிலத்தில் எழுதினேன்: நாண் ஏற்றாதீர்கள், உள்ளே பசை பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. கீழே தேதி. அவர் ஏணியில் ஏற வேண்டாம் என்று நானே இரண்டு மரக்குச்சி அடித்து, பித்தளைக் காசு வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி, ஜன்னல் வெயில் படாத சுவரில் மாட்டிவிட்டு வந்தேன்.